எடைமேடை அறை

மூடிக் கிடந்த அரிசி ஆலையின்
எடைமேடை அறையைத்தான் பிடித்தோம்.
புதுவயல், அறந்தாங்கி சாலை.
வாடகை எண்ணூறு. கரண்ட் தனி.
கதவைத் திறந்ததும்
தவிட்டு வாசனை எங்களை முந்திக்கொண்டு
வெளியே போனது.

முன்பணம் வயிரவன்.
கணக்கு நோட்டு உமையாள்.
எனக்கு ஒயரிங் தெரியும் என்பதால்
வேறெதையும் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஏன் இந்த வேலை என்றால்,
நகரக் கூட்டத்தில் புள்ளி இருந்தால்தான் குரல்.
பேரூராட்சிக் கூட்டத்தில் தலை காட்டலாம்,
வாய் காட்ட முடியாது.
டீக்கடையில் எல்லாம் பேசலாம்,
உமையாள் அங்கே உட்கார முடியாது.
இதை அவள் சொல்லும்வரை
எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் சண்டை பெஞ்சுக்கு.
வரிசையாகப் போட்டால் பள்ளிக்கூடம்,
வட்டமாகப் போட்டால் பஞ்சாயத்து.
இரவு பத்து வரை இழுத்து இழுத்துப் பார்த்தோம்.
கடைசியில் ஐந்து பெஞ்சும்
சுவர் விட்ட வழியில்
ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன.
அப்படியே விட்டுவிட்டோம்.

சட்டம் இரண்டே இரண்டு.
ஒருவர் பேசினால் மற்றவர் கேட்க வேண்டும்.
யாரிடமும் விலாசம் கேட்கக் கூடாது:
எந்த வீடு, எந்தத் தெரு, யார் மகன்.
இரண்டாவது வயிரவன் எழுதியது.
பெரிய எழுத்தில், சிவப்புப் பெயிண்டில்,
கீழே கோடு வேறு.
மீறினால் ஒரு வாரம் வெளியே.

பேச வெட்கப்படுபவர்களுக்குச் சீட்டு.
அலமாரியில் கட்டுக் கட்டாகக் கிடந்த
பழைய எடைச் சீட்டுகள்:
வண்டி எண். மொத்த எடை. காலி எடை. நிகர எடை.
பின்பக்கம் வெள்ளை.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை என்று
ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம்.
ஒரே ஒருவர் வந்தார்.
கண் முகாம் என்று நினைத்து வந்தவர்.
கண்ணாடி இல்லை என்றதும்
ஐந்து நிமிடம் உட்கார்ந்து
மின்விசிறி நன்றாக ஓடுகிறது என்று சொல்லிப் போனார்.
அது எனக்கான பாராட்டு.

இரண்டாம் வாரம் நான்கு பேர்.
மூன்றாம் வாரம் பெஞ்சு போதவில்லை.

செய்யதம்மாள் எழுந்தாள்.
கையில் ஒரு வெள்ளைச் சட்டை,
மகனுடைய பள்ளிச் சட்டை.
உதறினாள்.
உமிச் சாம்பல் டியூப்லைட் வெளிச்சத்தில்
மெதுவாக இறங்கியது.
“துவைச்சு கொடியில போட்டது.
போடுறப்ப வெள்ளை” என்றாள்.

பாய்லர் வேலைக்காரர் சூசை சொன்னார்:
“அந்தச் சாம்பல்ல என் சம்பளம் இருக்கு தாயி.”
இருவரும் கத்தவில்லை.
அதுதான் ஆச்சரியம்.

கத்தியது வயிரவன்.
அந்த ஆலை அவன் சித்தப்பாவுடையது.
“நீ எந்தத் தெரு? யார் அனுப்பின ஆளு?”

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்,
அவனும் பார்த்தான்.
சிவப்புப் பெயிண்ட், கீழே கோடு.

உமையாள் கணக்கு நோட்டை மூடினாள்.
“ஒரு வாரம்” என்றாள்.
முன்பணம் கொடுத்தவனிடம்.
நான் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து
சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வெள்ளி வந்தான்.
உள்ளே வரவில்லை.
லாரி ஏறும் இரும்புத் தட்டின் நடுவில்
சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.
சன்னல் வழியே கேட்கும் தூரம்தான்.
உள்ளே பழைய கருவியின் முகத்தை
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
முப்பது டன் தாங்கும் மேடை;
ஓர் ஆளுக்கு முள் அசையவில்லை.

கொசு அடிக்கும் சத்தம்,
இருமல்,
நடுவில் ஒருமுறை சிரிப்பு.
நாங்கள் தெருவிளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

முடியும் நேரத்தில்
சன்னல் கம்பிக்குள் ஒரு சீட்டு நீண்டது.
வெளியே இருப்பவர் சீட்டு எடுக்கலாமா?
அதற்குச் சட்டம் எழுதியிருக்கவில்லை.
உமையாள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பிறகு வாங்கி வாசித்தாள்:

“சாம்பல் எத்தனை மணிக்கு விழுகிறது?”

செய்யதம்மாள் சன்னலைப் பார்த்துச் சொன்னாள்,
“விடியக்காலம் நாலு, நாலரை.”
சூசை திருத்தினார்,
“மூணே முக்கால்.”